கைமாத்து ரிப்பேர்: ராணுவ வண்டியும் ஒரு வரி கோடும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு டாங்க், டிரக், தண்ணியில போற கவச வண்டின்னு நிறைய பேசப்போறோம். ஆனா ஆரம்பிக்கிறது ஒரு ஃப்ரிட்ஜ்ல இருந்து.

மூணு வருஷம் முன்னாடி நான் வேற ஒரு கம்பெனியில இருந்தேன். பேர் வேண்டாம். மருந்து வைக்கிற குளிர் கிடங்குகளோட வெப்பநிலையைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர் எங்களோடது. ஒரு கிடங்குல ஒரு சென்சார் மட்டும் தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு சும்மா அலறும். போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. நாலாவது ராத்திரி என்னால முடியல. அந்த ஒரு சென்சாரோட அலெர்ட்டை மட்டும் அடக்குற மாதிரி ஒரு வரி கோடு எழுதினேன். மேல ஒரு கமென்ட்: "தற்காலிகம். ரெண்டு நாள்ல எடுக்கணும்."

ஏழு மாசம் கழிச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அந்தக் கிடங்குல கம்ப்ரசர் நிஜமாவே நின்னுபோச்சு. அலெர்ட் வரல. காலையில உள்ளே இருந்த இன்சுலின், தடுப்பூசி எல்லாத்தையும் ஒதுக்கி வச்சு அழிக்க வேண்டியதாப் போச்சு. யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் ஆகல. அது எங்க திறமை இல்ல, அதிர்ஷ்டம்.

திங்கட்கிழமை மீட்டிங்ல முதல் கேள்வி, அன்னைக்கு ஆன்-கால்ல இருந்த தம்பிக்குப் போச்சு. சேர்ந்து ரெண்டே மாசம் ஆன பையன். "உனக்கு அலெர்ட் வரலையா? போன் சைலன்ட்ல இருந்துச்சா?" அவன் தலையைக் குனிஞ்சு போன்ல தேடிட்டிருந்தான். எனக்கு விஷயம் தெரியும். இருந்தும் வாயைத் திறக்க ஒரு பத்து நிமிஷம் ஆச்சு.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பத்தி கடைசியில சொல்றேன். அதுக்கப்புறம் என் மண்டையில ஓடின கேள்வி இதுதான்: குறுக்குவழியே கூடாதா? இல்ல, குறுக்குவழியை வேற மாதிரி எடுத்திருக்கணுமா?

இதுக்கு பதில் தேடி சாஃப்ட்வேர் புத்தகங்களைத்தான் முதல்ல படிச்சேன். கடைசியில நல்ல பதில் கிடைச்சது ராணுவ வண்டிகளோட பராமரிப்புலதான். ஏன்னா அங்க ரெண்டு பக்கமும் உச்சத்துல இருக்கு. குண்டு விழுற இடத்துல நின்னு கையேட்டைப் புரட்ட முடியாது. அதே சமயம், கையேட்டுல சொன்ன ஒரு வேலையை விட்டா உள்ளே இருக்கிறவங்க செத்துப் போயிடுவாங்க.

துளி விழுதா, விழலையா?

முதல்ல முறை எப்படி இருக்குன்னு பார்ப்போம். அமெரிக்க ராணுவத்தை எடுத்துக்கிறேன். அவங்க பராமரிப்பு ஆவணங்கள் நிறைய பொதுவெளியிலேயே இருக்கு.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தொழில்நுட்பக் கையேடு உண்டு. அதுல ஓட்டுநருக்கான பகுதியில ஒரு அட்டவணை இருக்கும். பிஎம்சிஎஸ்னு சொல்வாங்க. பழுது வர்றதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய சோதனைகளும் பராமரிப்பும். வண்டி எடுக்கும் முன், ஓடும்போது, நிறுத்தின பின், அப்புறம் வாராவாரம், மாசாமாசம்னு எதை எப்போ பார்க்கணும்னு வரிசையா இருக்கும். டயர்ல காத்து, எண்ணெய் மட்டம், பெல்ட், பிரேக், விளக்கு. கண்ட குறைகளை 5988-ஈ என்கிற படிவத்துல எழுதிக் கொடுக்கணும்.

இதுல என்னை ரொம்ப ஈர்த்தது, எண்ணெய் ஒழுகலை அவங்க வகை பிரிச்சிருக்கிற விதம். நம்ம ஊர்ல மெக்கானிக்கிட்ட "அண்ணே, ஆயில் லீக் ஆகுது"ன்னு சொன்னா, "அது லேசா கசியுது சார், ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்வார். லேசான்னா எவ்வளவு? அவருக்கு ஒரு அளவு, எனக்கு ஒரு அளவு. அவங்க இதை மூணா பிரிச்சுட்டாங்க. ஈரம் தெரியுது அல்லது நிறம் மாறியிருக்கு, ஆனா துளி சேரல: முதல் வகை. துளி சேருது, ஆனா நாம பார்த்துட்டிருக்கிற நேரத்துல கீழே விழல: ரெண்டாம் வகை. துளி கீழே விழுது: மூணாம் வகை.

முதல் ரெண்டு வகையோட பொதுவா வண்டியை ஓட்டலாம், எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக்கிட்டே. மூணாம் வகைன்னா உடனே மேலே சொல்லணும். பிரேக் திரவம், எரிபொருள் மாதிரி விஷயங்கள்ல இந்தச் சலுகை கிடையாது.

இதுல எவ்வளவு அழகா ஒரு வேலை நடந்திருக்குன்னு பாருங்க. பத்தொன்பது வயசு ஓட்டுநர் ஒருத்தர், இருபது வருஷ அனுபவம் உள்ள சார்ஜென்ட் ஒருத்தர், ரெண்டு பேரும் ஒரே கசிவைப் பார்த்தா ஒரே பதிலைத்தான் சொல்ல முடியும். துளி விழுதா, விழலையா? அவசரத்துல இருக்கிற மேலதிகாரி "அதெல்லாம் லேசான கசிவுதான்பா"ன்னு சொல்லி மழுப்ப முடியாது.

அந்த அட்டவணையோட கடைசி கட்டத்தையும் சொல்லணும். ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே, எந்த நிலையில இருந்தா இந்த வண்டி வேலைக்குத் தயாரில்லைன்னு எழுதியிருக்கும். அதாவது எதை எல்லாம் பொறுத்துக்கலாம், எங்க நிறுத்தியே ஆகணும் என்கிற முடிவை, யாருக்கும் அவசரமில்லாத ஒரு நாள்ல, ஒரு மேஜையில உட்கார்ந்து எடுத்து வச்சிருக்காங்க. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல எடுக்க வேண்டிய முடிவு இல்ல அது. நான் அப்படித்தான் எடுத்தேன்.

வட்டம் போட்ட எக்ஸ்

சரி, கடைசி கட்டம் "நிறுத்து"ன்னு சொல்லுது. ஆனா வண்டி போயே ஆகணும். என்ன செய்வாங்க?

அந்தப் படிவத்துல குறைகளுக்கு எதிரே குறியீடு போடுவாங்க. எக்ஸ் போட்டா வண்டி நின்னாச்சு, சரிபண்ற வரைக்கும் நகரக்கூடாது. அந்த எக்ஸைச் சுத்தி ஒரு வட்டம் போட்டா அர்த்தம் வேற: குறை இருக்கு, நிறுத்த வேண்டிய குறைதான், ஆனா இன்னின்ன வரம்புக்குள்ள தற்காலிகமா ஓட்டலாம்னு ஒரு அதிகாரி அனுமதிச்சிருக்கார். எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம், எந்த வேலைக்கு மட்டும் என்கிற மாதிரி வரம்பு. கீழே அவரோட கையெழுத்து.

இந்த வட்டத்தை யோசிச்சுப் பாருங்க. குறுக்குவழிக்கே ஒரு முறை வச்சிருக்காங்க. அந்த எக்ஸ் மறையல. வட்டத்துக்குள்ள அப்படியே இருக்கு. அடுத்து அந்த வண்டியில ஏறுறவனுக்கு, இதுல என்ன குறை, யார் ஒத்துக்கிட்டது, எதுவரைக்கும் போகலாம்னு தெரியும்.

நம்ம ஊர் வார்த்தையில சொன்னா இது கைமாத்து. மாசக் கடைசியில பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஐநூறு ரூபா கைமாத்து வாங்குறது தப்பா? இல்லவே இல்ல. அது இல்லாம எத்தனை குடும்பம் ஓடியிருக்காது. ஆனா வாங்கினதை எங்கேயாவது எழுதி வச்சு, ஒண்ணாம் தேதி திருப்பிக் கொடுக்கணும். எழுதாம நாலு பேர்கிட்ட வாங்கிட்டு மறந்துட்டா? குறுக்குவழி ரிப்பேரும் அதேதான். எதிர்காலத்துகிட்ட வாங்கின கைமாத்து. சாஃப்ட்வேர்ல "டெக்னிக்கல் டெப்ட்"னு பெருமையா சொல்றோமே, அதுக்கு நம்ம பாட்டிங்க வச்ச பேரு இது.

போர்க்களத்து ஒட்டு வேலை

இப்போ எதிர்ப்பக்கம். கையேட்டுப்படி சரிபண்ண நேரமே இல்லாத இடம்.

1973 அக்டோபர் போர். சினாய் பாலைவனத்துலயும் கோலான் மேட்டுலயும் இஸ்ரேலோட டாங்குகள் ஏராளமா அடிபட்டுச்சு. அடிபட்ட டாங்குகள்ல பலதை அவங்க பழுதுபார்ப்புக் குழுக்கள் களத்துக்குப் பக்கத்துலயே வேகமா சரிபண்ணி, மறுபடி சண்டைக்கு அனுப்பினாங்க. ஒரே டாங்க் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிபட்டு, திரும்பி வந்ததும் உண்டு. புது டாங்க் வர்ற வரைக்கும் காத்திருந்தா கதை வேற மாதிரி ஆகியிருக்கும். இதைக் கவனிச்ச அமெரிக்க ராணுவம், போர்க்களச் சேத மதிப்பீடும் பழுதுநீக்கமும்னு தனியாவே ஒரு முறையை வளர்த்துச்சு. சுருக்கமா பிடிஏஆர்.

அதுல இருக்கிற வேலைகளைக் கேட்டா நம்ம ரோட்டோர மெக்கானிக் அண்ணன்கள் "இதைத்தானே நாங்க தினமும் செய்றோம்"னு சொல்வாங்க. எரிபொருள் டேங்க்ல ஓட்டையா, மரத்தக்கையைச் செதுக்கி அடைச்சுடு. ஹோஸ் கிழிஞ்சுதா, டேப்பைச் சுத்தி கிளாம்ப் போடு. ஒரு பகுதி போச்சா, அதைத் தாண்டி இணைப்புக் கொடு. பக்கத்துல எரிஞ்சு கிடக்கிற வண்டியில இருந்து பாகத்தைக் கழட்டி மாட்டு.

எனக்குப் பிடிச்சது சங்கிலிப் பட்டை சமாச்சாரம். டாங்க் மாதிரி வண்டியில முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு சக்கரம் சேதமாயிடுச்சுன்னு வைங்க. அந்தச் சக்கரத்தை விட்டுட்டு, பட்டையில சில கண்ணிகளைக் கழட்டி அதைச் சின்னதாக்கி, மீதிச் சக்கரங்கள் மேல மட்டும் சுத்தவிட்டு ஓட்டலாம். வேகம் இருக்காது, வண்டி சரியாத் திரும்பாது. ஆனா ஆபத்தான இடத்துல இருந்து நகர்ந்துடலாம்.

ஆக, ராணுவம் ஒட்டு வேலையைப் பாடமாவே சொல்லிக் கொடுக்குது. ஆனா கூடவே நிபந்தனையும் சொல்லிக் கொடுக்குது. ஒண்ணு, இது போர்ச் சூழலுக்கு, தளபதியோட அனுமதியோட. ரெண்டு, எங்க என்ன ஒட்டு போட்டிருக்குன்னு வண்டியில அடையாளம் வைக்கணும், பதிவு பண்ணணும். மூணு, வாய்ப்புக் கிடைச்ச உடனே ஒட்டைப் பிரிச்சுட்டு முறைப்படி சரிபண்ணணும்.

அந்த மூணாவது நிபந்தனையில்தான் எல்லாமே இருக்கு. மரத்தக்கை ஒரு நாளைக்கு அற்புதம். ஒரு வருஷத்துக்கு அது வெறும் ஓட்டை, நாம பார்க்காத ஓட்டை.

சான் கிளமெண்டே தீவு, 2020

இப்போ போர் இல்லாத ஒரு நாளுக்கு வருவோம். எதிரி கிடையாது, குண்டு கிடையாது. வெறும் பயிற்சி.

2020 ஜூலை 30. கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால சான் கிளமெண்டே தீவு. அமெரிக்க மரைன் படையோட ஏஏவி என்கிற நீர்-நில கவச வண்டி ஒண்ணு, தீவுல பயிற்சி முடிச்சு கடல் வழியா கப்பலுக்குத் திரும்பிட்டிருந்துச்சு. சுமார் 26 டன் எடை. இந்த வகை வண்டி முதல்ல சேவைக்கு வந்தது 1970-களின் தொடக்கத்துல. உள்ளே 16 பேர்.

வண்டிக்குள்ள தண்ணி ஏற ஆரம்பிச்சுது. முழுகிப் போச்சு. 8 மரைன்கள், ஒரு கடற்படை மருத்துவ உதவியாளர், மொத்தம் 9 பேர் இறந்தாங்க. எல்லாருமே 25 வயசுக்குக் கீழே. இதைக் கேட்டுட்டிருக்கிற உங்கள்ல பலரோட வயசு. வண்டி கிட்டத்தட்ட 385 அடி ஆழத்துல கிடந்துச்சு.

2021 மார்ச்ல விசாரணை அறிக்கை வெளிவந்துச்சு. அதைப் படிக்கும்போது பெரிய வில்லன் ஒருத்தரைத் தேடுவோம். கிடைக்க மாட்டார். சின்னச் சின்ன விஷயங்கள்தான். அந்தப் பிரிவுக்குக் கொடுத்த 13 வண்டிகள்ல பெரும்பாலானவை கைக்கு வந்தப்போ ஓடும் நிலையிலேயே இல்லை. பயிற்சித் தேதி மட்டும் நெருங்கிட்டிருந்துச்சு. விபத்துக்குள்ளான வண்டியில தண்ணி நுழையிற வழிகள் ஒண்ணுக்கு மேல இருந்துச்சு. டிரான்ஸ்மிஷன்ல எண்ணெய் ஒழுகி, அது செயலிழந்துச்சு. உள்ளே வந்த தண்ணியை வெளியேத்தத்தான் நாலு பம்ப் இருக்கு, ரெண்டு ஹைட்ராலிக், ரெண்டு மின்சாரம். வண்டியோட இயக்கமே தடுமாறும்போது பம்பு மட்டும் எப்படி தாக்குப் பிடிக்கும்? ஒண்ணு ஒண்ணா விழுந்தா, கடைசி பாதுகாப்பும் அதோட சேர்ந்தே விழும்.

அவசரத்துல வெளியேறும் வழியைக் காட்டுற விளக்கு ஒண்ணு இருக்கணும். அது வேலை செய்யல. இருட்டுக்குள்ள மேல்மூடியோட பிடியைத் தேட செல்போன் வெளிச்சத்தைப் பயன்படுத்தியிருக்காங்க. இந்த வரியைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்து போயிட்டேன். தரையில ஓடுற நாள்ல அந்த விளக்கு தேவையே படாது. எரியலன்னாலும் வண்டி நல்லாத்தான் ஓடும். அது தேவைப்படுற அந்த ஒரு நாள்ல, வேற எதுவுமே உதவாது. நான் அடக்கின அலெர்ட்டும் அப்படிப்பட்டதுதான்.

இன்னொண்ணு. கணுக்கால் அளவு தண்ணி வந்தா ஆட்களை வெளியேத்த ஆரம்பிக்கணும்னு முறை இருந்துச்சு. அந்த அளவைத் தாண்டி 45 நிமிஷத்துக்கு மேல உள்ளேயே இருந்திருக்காங்க. விசாரணை மூணு காரணங்களைச் சேர்த்துச் சொல்லுச்சு: பராமரிப்புக் குறைகள், உரிய நேரத்துல வெளியேத்தாதது, உள்ளே இருந்தவங்களுக்குப் போதிய பயிற்சி கொடுக்காதது. அதனால வெறும் ரிப்பேர் பிரச்சினைன்னு நான் சுருக்க மாட்டேன். ஆனா அந்த 45 நிமிஷமும் ஒரு மாதிரி குறுக்குவழிதான். "பார்த்துக்கலாம், கப்பல் அந்தா தெரியுது" என்கிற கைமாத்து.

விபத்துக்கு அப்புறம் மத்த ஏஏவிகளையும் சோதிச்சாங்க. பெரும்பாலானவை தண்ணி புகாத்தன்மைச் சோதனையில தேறல. ஆக, இது ஒரு வண்டியோட கெட்ட நேரம் கிடையாது. அந்த மாதிரி வண்டிகளோட எல்லாரும் பழகிட்டாங்க. 2021 டிசம்பர்ல, அவசரத் தேவை தவிர ஏஏவிகளை இனி தண்ணியில இறக்குறதில்லைன்னு மரைன் படை முடிவெடுத்துச்சு.

சோம்பேறித்தனமா?

இதையெல்லாம் கேட்டா, "ஒழுங்கா செக் பண்ணியிருக்கலாமே, சோம்பேறிங்க"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. அப்புறம் ஒரு ஆய்வைப் படிச்சேன்.

2015-ல அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியைச் சேர்ந்த லியனார்ட் வோங், ஸ்டீஃபன் கெராஸ் ரெண்டு பேரும் ராணுவத்துக்குள்ள நடக்கிற பொய்களைப் பத்தி ஒரு அறிக்கை எழுதினாங்க. அவங்க எடுத்துக்காட்டுற ஒரு பழைய கணக்கு இருக்கு. 2002-ல ஒரு ஆய்வு, ஒரு கம்பெனி கமாண்டர் கட்டாயம் செய்ய வேண்டிய பயிற்சிகளையெல்லாம் கூட்டிப் பார்த்துச்சு. 297 நாள் வந்துச்சு. அவர்கிட்ட இருந்த பயிற்சி நாட்கள் 256.

297 நாள் வேலையை 256 நாள்ல முடிக்க முடியாது. ஆனா அறிக்கையில எல்லாம் முடிஞ்சதா டிக் இருக்கும். எப்படி? செய்யாமலே கையெழுத்து. வண்டிப் பக்கமே போகாம படிவத்தை நிரப்புறதுக்கு அவங்ககிட்ட தனி கொச்சை வார்த்தையே இருக்கு. நாமும் இதைப் பார்க்காதவங்களா? காலேஜ்ல ரெக்கார்ட் நோட்டு எழுதின யாருக்கும் இது புரியும். எக்ஸ்பெரிமென்ட் பண்ணாமலே வந்த ரீடிங்குகள் எத்தனை!

இதுல பயங்கரம் என்னன்னா, தொடர்ந்து அப்படிக் கையெழுத்துப் போடுறவங்களுக்கு ஒரு கட்டத்துல அது பொய்யாவே தெரியறதில்ல. மரத்துப் போயிடுது. முடியாத அளவுக்கு முறைகளைக் குவிச்சா, எந்த முறை உயிரைக் காப்பாத்துது, எது வெறும் காகிதம்னு கீழே இருக்கிறவனே பிரிச்சு முடிவெடுக்க ஆரம்பிக்கிறான். அவன் முடிவு சில சமயம் தப்பாயிடும்.

உதிரி பாகம் கதையும் இதே மாதிரிதான். பாகம் வரல, ஆனா வண்டி தயார்னு காட்டணும். பக்கத்து வண்டியில இருந்து கழட்டி மாட்டுவாங்க. இதுக்கு ரெட்டை வேலை: கழட்டணும், இங்க மாட்டணும், புதுசு வந்ததும் அங்க மறுபடி மாட்டணும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பு 2001-ல கணக்குப் பார்த்தப்போ, 1996 முதல் 2000 வரை அஞ்சு நிதியாண்டுல விமானப்படையும் கடற்படையும் மட்டும் சுமார் 8,50,000 தடவை இப்படிக் கழட்டி மாட்டினதாப் பதிவு இருந்துச்சு. மேலே பலகையில பச்சை விளக்கு எரியும். கீழே மெக்கானிக் ராத்திரி பத்து மணிக்கு ஒரே ஸ்குரூவை மூணாவது தடவை திருகிட்டிருப்பார்.

ஆக, குறுக்குவழிக்கு ஆளைத் திட்டுறதுக்கு முன்னாடி, நேரான வழி திறந்திருந்துச்சான்னு பார்க்கணும்.

சித்திரக்கதை சொன்ன பதில்

நேரான வழியைத் திறக்கிறது எப்படி? இதுக்கு ஒரு சந்தோஷமான உதாரணம் இருக்கு.

காமிக்ஸ் பிரியர்களுக்கு வில் ஐஸ்னர் பேர் தெரிஞ்சிருக்கும். காமிக்ஸ் உலகத்துல முக்கியமான ஒரு விருதே அவர் பேர்லதான் இருக்கு. இரண்டாம் உலகப் போர் சமயத்துல ராணுவத்துல இருந்த அவர், பராமரிப்பைச் சொல்லிக் கொடுக்க சித்திரக்கதை பண்ணினார். ஜோ டோப்னு ஒரு கதாபாத்திரம். எல்லாத்தையும் தப்புத் தப்பா செய்ற சிப்பாய். எண்ணெய் பார்க்க மாட்டான், நட்டை இறுக்க மாட்டான், அவன் வண்டி நடுவழியில படுத்துடும்.

1951-ல ராணுவம் பிஎஸ் என்கிற மாதப் பத்திரிகையை ஆரம்பிச்சப்போ, ஐஸ்னர்தான் அதுக்குப் படங்கள் செஞ்சார். 1971 வரைக்கும். கடிதம் முடிஞ்ச பிறகு கீழே சேர்க்கிற பின்குறிப்பு இருக்கில்லையா, அந்த அர்த்தத்துல வச்ச பேர் அது. கையேடுகளுக்கு ஒரு பின்குறிப்பு. சிப்பாய்கள் கேட்கிற கேள்விகளுக்கு, சிப்பாய்கள் பேசுற பாஷையில, படத்தோட பதில். வழக்கமான கையேடு எழுதுற சிலருக்கு இது பிடிக்கவே இல்ல. ஆனா படிக்கிறவனுக்குப் புரிஞ்சுது.

அவங்க கண்டுபிடிச்ச உண்மை எளிமையானது. முறை புரியாத பாஷையில இருந்தா குறுக்குவழிதான் ஜெயிக்கும். நம்ம ஆபீஸ்ல நாற்பது பக்க டாக்குமென்ட் ஒண்ணை எழுதி வச்சுட்டு, "ஏன் யாரும் ஃபாலோ பண்ணல?"ன்னு கேட்கிறோமே, அதேதான்.

நோட்டுல எழுதுங்க

இப்போ அந்தப் பத்து நிமிஷத்துக்கு வர்றேன்.

மீட்டிங்ல தம்பி தலைகுனிஞ்சு உட்கார்ந்திருந்தப்போ நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? லேப்டாப்ல அந்த ஒரு வரியைத் தேடிட்டிருந்தேன். வேற யாராவது அதுக்கப்புறம் மாத்தியிருப்பாங்களோ, பழி பிரிஞ்சு போகுமோன்னு. யாரும் மாத்தல. என் பேர், என் தேதி, "ரெண்டு நாள்ல எடுக்கணும்." அப்புறம்தான் கையைத் தூக்கினேன்.

என்னை யாரும் வேலையை விட்டுத் தூக்கல. மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு நாள்னு எழுதினியே, மூணாவது நாள் இது யாருக்கு ஞாபகம் வரணும்?" என்கிட்ட பதில் இல்ல. அந்தக் கமென்ட்டைப் படிக்கப் போறவன் யாருன்னு நான் யோசிக்கவே இல்ல. மருந்துக் கிடங்குல ராத்திரி டூட்டி பார்க்கிறவருக்கு என் கோடு தெரியாது. அவர் திரையில எல்லாமே பச்சை. எக்ஸே இல்ல, அப்புறம் எங்க வட்டம் போடுறது?

இப்போ வேற கம்பெனி. இன்னும் குறுக்குவழி எடுக்கத்தான் செய்றேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாம் இடிஞ்சு விழும்போது மரத்தக்கை வைக்காம இருக்க முடியாது. ஆனா வைக்கிறதுக்கு முன்னாடி நாலு விஷயம் எழுதுவேன். என்ன ஒட்டு போட்டேன். இதனால எந்தப் பாதுகாப்பு இப்போ இல்லாம போயிருக்கு. யார் ஒத்துக்கிட்டாங்க, என் பேர் மட்டும் இல்லாம இன்னொருத்தர் பேரும். எந்தத் தேதியில இது தானாவே காலாவதி ஆகணும். அந்தத் தேதி வந்தா சிஸ்டமே கத்துற மாதிரி வச்சிருக்கோம். அடுத்த ஷிஃப்ட் ஆளோட திரையில அது மஞ்சளாத் தெரியும். மனுஷ ஞாபகத்தை நம்புறதில்ல, முக்கியமா என்னோடதை.

அலெர்ட், பேக்கப் மாதிரி "தேவைப்படும்போது மட்டும் தேவைப்படுற" விஷயங்கள்ல ஒட்டு போடுறதுக்குத் தனி விதி. அது பிரேக் திரவம் மாதிரி. அங்க லேசான கசிவுன்னு ஒண்ணு கிடையாது. அதை அடக்குறதா இருந்தா, அந்த இடத்துல ஒரு ஆள் உட்கார்ந்து கண்ணால பார்த்துட்டிருக்கணும்.

உங்க வேலை சாஃப்ட்வேரா இருக்கணும்னு அவசியமில்ல. ஆஸ்பத்திரியில இருக்கீங்களா, லிஃப்ட் பராமரிப்புல இருக்கீங்களா, அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல மோட்டார் ரூம் சாவி உங்ககிட்ட இருக்கா? இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க இடத்துல "டெம்ப்ரவரி"ன்னு போட்ட ஒண்ணைத் தேடிக் கண்டுபிடிங்க. நிச்சயமா இருக்கும். டேப் சுத்தின ஒயர், வேற சாவியில திறக்கிற ஃபயர் கதவு, யாரோ அடக்கி வச்ச அலாரம். அது எப்போ போட்டது, யாருக்கெல்லாம் தெரியும்னு கேளுங்க. பதில் தெரிஞ்சா ஒரு காகிதத்துல தேதியோட எழுதி அது மேலேயே ஒட்டுங்க. பதில் தெரியலன்னா, அதை முதல்ல சரிபண்ணுங்க.

அந்தத் தம்பி இப்போ டீம் லீட். போன மாசம் பேசும்போது கேட்டேன், அன்னைக்கு மீட்டிங்ல எப்படி இருந்துச்சுன்னு. "அண்ணே, என் போன்தான் ஏதோ கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். அன்னைக்குச் சாயங்காலமே புது போன் வாங்கப் போயிட்டேன்"னு சிரிச்சான். நான் சிரிக்கல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.